வீதம் வேறு, விகிதம் வேறு

கொழும்பில் நடந்த ஓர் ஆய்வின் சுருக்கத்தைத் தமிழில் சரிபார்த்துத் தருமாறு சென்ற மாதம் என்னிடம் கேட்டார்கள். வாகனப் புகையையும் நகரத்தவரின் சுவாச நோய்களையும் வகையீட்டுச் சமன்பாடுகளால், அதாவது ஓர் அளவு எப்படி மாறுகிறது என்பதைச் சொல்லும் சமன்பாடுகளால், இணைத்துப் பார்க்கும் ஆய்வு அது. பிரயோக கணிதம், எரிபொருள் இரசாயனம், பொதுச் சுகாதாரம் ஆகிய மூன்று துறையினரும் ஒரே மேசையில் இருந்து செய்த வேலை. ஆங்கில மூலத்தில் ரேட், ரேஷியோ, ப்ரப்போர்ஷன், ரேட்டிங் என்ற நான்கு சொற்கள் நான்கு பொருளில் நின்றன. தமிழில் நான்கும் ‘விகிதம்’ ஆகியிருந்தன. எரிதல் விகிதம், காற்று எரிபொருள் விகிதம், இறப்பு விகிதம், நோயாளர் விகிதம், ஒக்டேன் விகிதம் என்று ஒரே பக்கத்தில் அடுக்கிக் கிடந்ததைக் கண்டபோது, பல ஆண்டுகளாகச் செய்தித்தாளிலும் வானொலியிலும் கேட்டுக் கேட்டுப் பொறுத்துக்கொண்டதை இனியும் பொறுக்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

சொல் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரேட், ரேஷியோ இரண்டும் எண்ணுதல், கணித்தல் என்னும் பொருளுடைய ஒரே இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை. நம்முடையவையும் அப்படியே. ‘வகுக்கப்பட்டது, விதிக்கப்பட்டது’ என்னும் பொருள் கொண்ட ‘விஹித’ என்ற வடசொல் தமிழில் விகிதம் என்று நின்றது என்றும், பகுதி பாதியானது போலவும் மிகுதி மீதியானது போலவும் அதுவே இடையில் குறுகி முதல் நீண்டு வீதம் ஆயிற்று என்றும் கொள்வது பொருந்தும் என்பது என் கருத்து. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்பதால் ஒன்றை விட்டு மற்றதை எழுதலாம் என்போர் உண்டு. பகுதியும் பாதியும் ஒன்றென்று எண்ணி அவர்கள் எவரிடமும் கடன் வாங்காமல் இருக்கக் கடவர்.

வீதம் என்ற சொல்லுக்கு இலக்கணம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. பந்தியில் ‘ஆளுக்கு இரண்டு வீதம் வையுங்கோ’ என்கிறோம். கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்குபவர் ‘மூட்டைக்கு இவ்வளவு வீதம்’ என்று கூலி பேசுகிறார். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் குறியீட்டு முறை வந்த தொடக்கத்தில், கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் வீதமும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் வீதமும் காருக்கு 20 லீற்றர் வீதமும் பங்கிட்டார்கள். வரிசையில் நின்றவர்களில் எவரும் ‘கிழமைக்கு 4 லீற்றர் விகிதம்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. வீதம் எப்போதும் ‘கு’ உருபேற்ற ஒரு சொல்லின்மேல் சாய்ந்தே நிற்கும்: ஆளுக்கு, நாளுக்கு, மூட்டைக்கு. விகிதமோ ‘உம்’ ஏற்ற இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொண்டு நிற்கும்: சீமெந்துக்கும் மணலுக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும். மொழியே இப்படி வரம்பு கட்டி வைத்திருக்க, மொழிபெயர்ப்பவர் ஏன் அதை வெட்டி விடுகிறார் என்பதே எனக்கு விளங்கவில்லை.

கணிதம் சொல்வதும் இதையேதான். வீதத்தில் வேறுவேறு வகையான இரண்டு அளவுகள் சந்திக்கின்றன. அவற்றுள் ஒன்று பெரும்பாலும் காலம். அதனால் வீதத்தோடு ஓர் அலகு ஒட்டிக்கொண்டே இருக்கும். பெற்றோல் செக்கனுக்கு இத்தனை கிராம் வீதம் எரிகிறது என்று எழுதியதை நிமிடக் கணக்குக்கு மாற்றினால் எண் அறுபது மடங்காகும். விகிதத்தில் ஒரே வகையான இரண்டு அளவுகள் ஒப்பிடப்படுவதால் அலகு அடிபட்டுப் போய்விடும். பெற்றோல் முழுமையாக எரிய வேண்டுமாயின் நிறைப்படி அதைப் போல் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். கிலோவில் நிறுத்தாலும் இறாத்தலில் நிறுத்தாலும் அந்த 14.7 அசையாது. இது விகிதம், அது வீதம். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், எரிதல் விரைவாவதையும் கலவையில் எரிபொருள் கூடுவதையும் வாசகர் பிரித்தறிய வழியில்லை.

பொதுச் சுகாதாரத்தில் இக்குழப்பம் இன்னும் ஆழமானது. 2017ஆம் ஆண்டு இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாகினர். நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தோரை நோயாளர் தொகையால் வகுத்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 0.2 வரும். அதே இறந்தோரை நாட்டின் ஏறத்தாழ 2 கோடியே 10 இலட்சம் மக்களால் வகுத்தால் ஆண்டொன்றுக்கு ஓர் இலட்சம் பேருக்கு இரண்டு வீதம் என்று வரும். முன்னையது நோயின் கொடுமையைச் சொல்கிறது. பின்னையது நாடு சுமந்த சுமையைச் சொல்கிறது. செய்தித்தாளில் இரண்டுக்கும் பெயர் ‘இறப்பு விகிதம்’. ஆங்கிலமும் இவ்விடத்தில் தூய்மையானதன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காலமே இல்லாத முன்னைய அளவையும் அவர்கள் வழக்கத்தால் ரேட் என்றே அழைக்கிறார்கள். அவர்கள் வழுக்கியதற்காக நாமும் வழுக்க வேண்டுமா? முழுமையின் ஒரு பங்கைக் குறிக்க நம்மிடம் விகிதாசாரம் என்ற சொல் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்புத் தந்த தேர்தல் முறையோடு வீட்டுக்கு வீடு பழகிக் கிடக்கிறது. ‘நோயாளருள் இறப்போரின் விகிதாசாரம்’ என்று எழுதினால் எவருக்கும் விளங்கும்.

தாய் மரணத்தில் ஆங்கிலமே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளோடு ஒப்பிட்டால் ரேஷியோ. மகப்பேற்று வயதுப் பெண்களின் தொகையால் வகுத்தால் ரேட். வகுக்கும் எண் வேறு, விடை வேறு, அதிலிருந்து பெறும் முடிவும் வேறு. ஒரே அறிக்கையில் இரண்டும் ‘தாய் இறப்பு விகிதம்’ என்று தமிழில் வந்தால், ஏன் இரண்டு எண்கள் என்று வாசகர் கேட்பதில் என்ன தவறு?

வீதம் ஒதுக்கப்படும் இடங்களில் அதற்குப் பதிலாக முன்வைக்கப்படும் சொற்களையும் பார்க்க வேண்டும். முதலாவது ‘வேகம்’. தமிழ்நாட்டு வேதியியல் நூல்களில் ‘வினைவேகம்’ நிலைத்துவிட்டது. அங்கே பௌதிகத்தில் திசையுடைய அளவைத் திசைவேகம் என்பதால் பெரிய மோதல் இல்லை. இங்கே நாம் பள்ளியிலேயே திசையற்றதைக் கதி என்றும் திசையுடையதை வேகம் என்றும் படித்தவர்கள். அத்தோடு இரசாயன மாற்றத்தை நாம் தாக்கம் என்கிறோம். ஆகவே ‘எரிபொருள் தாக்கத்தின் வேகம்’ என்று கொழும்பில் அச்சிட்டால், ஏதோ எரிபொருள் பவுசர் ஒன்று மதிலில் மோதிய செய்திபோல் இருக்கும். தாக்கவீதம் என்று உயர்தர வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் எழுதும் சொல் இருக்கையில் வேறொன்று எதற்கு?

இரண்டாவது கட்சி தனித்தமிழ்க் கட்சி. வீதமும் விகிதமும் வடசொற்கள் என்பதால் இரண்டையும் தள்ளி, ரேட்டுக்கு ‘விழுக்காடு’ என்றும் ரேஷியோவுக்குத் ‘தகவு’ என்றும் எழுதலாம் என்று அன்பர் ஒருவர் என்னோடு நெடுநாள் வாதிட்டு வருகிறார். விழுக்காடு அழகிய சொல். ஒவ்வொருவர்க்கும் வீழும் பங்கு என்ற பழம்பொருளை எண்ணினால் ரேட்டுக்கு மிக நெருங்கியதுந்தான். ஆனால் காலம் கடந்துவிட்டது. இன்று விழுக்காடு என்றதும் நூற்றுவீதம் என்றே தமிழர் எல்லோரும் கொள்வதால், ‘ஓர் இலட்சம் பேருக்கு இரண்டு விழுக்காடு’ என்று எழுதினால் இரண்டாயிரம் பேர் செத்துப்போவார்கள். தகவின் கதை வேறு. ‘தக்கார் தகவிலர்’ என்று குறள் சொல்லும்போது அது தகுதியையும் நடுவுநிலைமையையும் சுட்டுகிறது. காற்றுக்கும் பெற்றோலுக்கும் இடையில் அந்த நடுவுநிலைமையை எதிர்பார்க்க என்னால் இயலவில்லை. தூய்மைக்காகத் தெளிவை விற்கும் வணிகத்தில் எனக்கு உடன்பாடில்லை. அதிலும், நூற்றாண்டுக் கணக்காகக் கூலிக்காரர் நாவில் புழங்கிய வீதத்தை வடசொல் என்று வெளியேற்றுவது நியாயமுமன்று.

இவற்றையெல்லாம் விட மோசமானது, எதுவாயிருந்தாலும் விகிதம் என்று எழுதிவிட்டுப் போகும் சோம்பல். இது தமிழ்நாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று பழி போடுவதும் முழு உண்மையன்று. அங்கே செய்தியாளர் ‘வட்டி விகிதம்’ என்று எழுதினாலும் கணித நூல்கள் ‘மாறுவீதம்’ என்றே எழுதுகின்றன. இங்கே வங்கிகள் இன்னும் வட்டி வீதம் என்கின்றன. நம் மொழிபெயர்ப்பாளர் சிலர் இந்த இரண்டையும் பார்க்காமல், கணினி தரும் முதற்சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள்.

தொற்றுநோய்க் கணிதத்துக்கு 1927இல் அடித்தளம் இட்டவர்களுள் கேர்மாக் இரசாயனர், ஆய்வுகூட விபத்தில் பார்வை இழந்தவர். மக்கெண்ட்ரிக் மருத்துவர், இந்தியாவில் பணியாற்றியவர். மூன்று துறைகளும் கலந்த அந்தச் சமன்பாடுகளில் பீற்றா, காமா என்று இரண்டு வீதங்கள் உண்டு. ஒரு நோயாளி நாளொன்றுக்கு 0.4 பேர் வீதம் நோயைப் பரப்புகிறார் என்றும், நோயாளர் நாளொன்றுக்கு 0.2 என்ற வீதத்தில், அதாவது சராசரியாக ஐந்து நாளில், குணமடைகிறார்கள் என்றும் கொண்டால், முன்னையதைப் பின்னையதால் வகுக்க 2 வரும். நாள் நாளோடு அடிபட்டு, அலகற்ற ஓர் எண் எஞ்சுகிறது. ஒரு நோயாளி தொற்றுக்காலம் முழுவதிலும் இருவருக்கு நோயைத் தருவார் என்பது அதன் பொருள். இரண்டு வீதங்களின் விகிதம் அது. என்னிடம் வந்த சுருக்கத்தில் இவ்விடம் ‘விகிதங்களின் விகிதம் பரவல் விகிதம் ஆகும்’ என்றிருந்தது.

திருத்தங்களை நீண்ட குறிப்போடு அனுப்பிவைத்தேன். மூன்று நாளில் புதிய வடிவம் வந்தது. விகிதம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. தேடி மாற்றும் கட்டளை ஒன்றால் எல்லாமே வீதம் ஆகியிருந்தன. காற்று எரிபொருள் வீதம் 14.7. பெற்றோலின் ஒக்டேன் வீதம் 92. எழுபது விழுக்காட்டு வேலையைக் கணினி முடித்துத் தந்ததாக ஒரு வரியும் இருந்தது. ஒக்டேன் என்பது எரியும் வீதமுமன்று, கலக்கும் விகிதமுமன்று, எஞ்சினுள் அடிப்பு (முன்கூட்டியே வெடித்துத் தட்டுதல்) இல்லாமல் எரிவதில் 92 பங்கு ஐசோஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவைக்கு அந்தப் பெற்றோல் ஒப்பாகும் என்று சொல்லும் ஒரு தர எண் மாத்திரமே என்று எழுதி, இன்று காலை மறுபடியும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.