பளபளப்பு மரத்தைக் காப்பாற்றாது

போன வாரம் காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டு நிலைக்கதவைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பர்மா தேக்கு. இரட்டைக் கதவு. நூறு வருடத்துக்கு மேல் வெயிலையும் மழையையும் தாங்கி நின்றது. வீட்டில் கல்யாணம் என்று யாரிடமோ வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றிப் பழைய பூச்சை எடுத்து, ஹோஸால் பீய்ச்சிக் கழுவி, மறுநாளே மெலமைன் என்ற பளபளப்புப் பூச்சை ஏற்றிவிட்டார். கல்யாணப் போட்டோவில் கதவு மின்னுகிறது. ஐந்தாவது மாதம் கீழ்ப்பாதி பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்குகிறது. உரிந்த இடமெல்லாம் கன்னங்கரேல் என்று கிடக்கிறது. இந்த வருடம் நான் பார்க்கும் நாலாவது கதவு இது.

"நல்லா தடிமனாத்தானே தம்பி அடிச்சாக, அப்பவும் இப்படி ஆயிருச்சே" என்றார் அந்த வீட்டு ஆச்சி. தடிமனாக அடித்ததுதான் ஆச்சி தப்பே.

இதைத்தான் எத்தனை தடவை சொல்வது என்று தெரியவில்லை. பளபளப்பு வேறு, பாதுகாப்பு வேறு. வெளியில் நிற்கும் மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே கெட்டியாகப் படிந்த பூச்சால் அந்த அளவுக்கு அசைந்து கொடுக்க முடியாது. இணைப்புகளில் மயிரிழை போல வெடிக்கும். அந்த வெடிப்பில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஊறும். இன்னொன்றும் இருக்கிறது. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும் வார்னிஷ் வழியாக வெயிலும் தெளிவாகவே உள்ளே போகும். புற ஊதாக் கதிர் பட்டு மரத்தின் மேல்தோல் செத்துப்போகும், பூச்சுக்குப் பிடிமானம் போய்விடும். வெயிலைத் தடுப்பது ஸ்டெய்னில், அதாவது மரத்துக்குள் ஊறி இறங்கும் நிறப் பூச்சில், இருக்கும் நிறத்தூள்தான். அதுதான் குடை. மெலமைன், அரக்குப் பாலிஷ் இரண்டும் வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்கும் ஊஞ்சல் பலகைக்கும். திண்ணைத் தூணுக்கு வேண்டாம்.

சாம்பல் நிறமாகிவிட்டால் மரமே போய்விட்டது என்று பயப்படுகிறீர்கள். அது தோல் மட்டும்தான். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். ரொட்டிக்குள் போவதுபோல இறங்கினால் ஆசாரியைக் கூப்பிடுங்கள். இறங்காவிட்டால் அடியில் பொன் நிறத் தேக்கு அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தச் செத்த தோலை எடுக்காமல் எதைப் பூசினாலும் நிற்காது.

எடுக்கும்போது காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம். தேக்கைக் கறுக்கடிக்கும், நாரைப் பஞ்சாக்கும், மிச்சம் தங்கினால் புதுப் பூச்சையும் அரிக்கும். ஏற்கெனவே ஊற்றித் தொலைத்திருந்தால் வினிகர் கலந்த தண்ணீரால் கழுவி, கறுப்புக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் தடவி, மறுபடி நன்றாக அலசுங்கள். அந்த அமிலம் விஷம். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது. இரும்புக் கம்பி பிரஷும் வேண்டாம். உடைந்து தங்கும் இரும்புத் துகள் ஈரம் பட்டதும் மரத்தைக் கறுப்பாக்கும். நைலான் அல்லது பித்தளை பிரஷ் போதும். அப்புறம் 80, அடுத்து 120 நம்பர் உப்புத்தாள், ரேகை ஓடும் திசையிலேயே. அதற்கு மேல் வழவழப்பாக்கினால் ஸ்டெய்ன் இறங்காது.

பழைய பெயிண்ட் அடித்த ஜன்னல் என்றால் நிறுத்துங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள், சூடு காட்டி உருக்காதீர்கள். ஈரப்படுத்தித் தேய்த்து, தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

அப்புறம் காயவிடுங்கள். மறுநாளே பூச வேண்டும் என்று நிற்பவர்களிடம் நான் வேலையே எடுப்பதில்லை. மரத்தின் ஈரம் ஈரமானியில் 15 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். தை, மாசி இதற்கு நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆடிக் காற்றில் பூசினால் தெருப் புழுதி முழுக்கக் கதவில்தான் ஒட்டும்.

பூசும் முன் தின்னர் நனைத்த துணியால் ஒரு துடை. தேக்கின் எண்ணெயும் விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் போகும். எண்ணெய் ஸ்டெய்னை மெல்லிதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். கதவின் அடிவிளிம்பு, நிலைக்காலின் பாதம், தூணின் அடி, இவற்றை யாரும் கவனிப்பதில்லை. தினமும் வாசல் தெளிக்கும் தண்ணீரைக் குடிப்பது அந்த இடம்தான். கதவைக் கழற்றியாவது அங்கே இரண்டு மூன்று கை பூசுங்கள். மஞ்சள் பூசுங்கள், குங்குமம் வையுங்கள், ஒரு கெடுதலும் இல்லை. வாளித் தண்ணீரை மட்டும் நிலைமேல் வீசாதீர்கள்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எண்ணெய் ஸ்டெய்ன் பலவற்றில் ஆளிவிதை எண்ணெய் இருக்கும், அது ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். 1991-இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று இப்படிப்பட்ட துணியால் பற்றி எரிந்தது, மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீர் வாளியில் முக்கிவையுங்கள்.

ஆச்சி வீட்டுக் கதவைத் தையில் எடுத்துச் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை உரிந்த இடத்தில் எதையும் தடவாமல் காற்றாட விடச் சொன்னேன். முடித்த பிறகு வருடம் ஒருமுறை கதவில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் போதும். முத்து முத்தாக நின்றால் சரி. ஊறி இறங்கினால் கழுவிக் காயவைத்து ஒரு கை பூசிக்கொள்ளலாம், மறுபடி சுரண்ட வேண்டியதில்லை.