எல்லோருக்கும் 20 மூச்சா?

காலையில் வார்ட்டுக்குப் போனதும் நோயாளர் அட்டைகளைத்தான் முதலில் பார்ப்பேன். காய்ச்சல் ஆளுக்கு ஆள் வேறுபடும். நாடியும் பிரஷரும் அப்படித்தான். மூச்சு எண்ணிக்கை எழுதும் கட்டத்தில் மட்டும் 20, 20, 20 என்று வரிசையாக இருக்கும். நிமோனியாவோடு வந்த ஐயாவுக்கும் 20, கால் முறிந்து வந்த தம்பிக்கும் 20. எண்ணாமல் எழுதியது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

மாணவத் தாதியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் அப்படி எழுதியவள்தான். இரண்டாம் வருடம், ஒரு வைத்தியசாலையில் இரவுக் கடமை. மூதூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், கடலுக்குப் போய்வந்து உரமேறிய உடம்பு, கட்டிலில் முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "எப்படி ஐயா இருக்கு?" என்று கேட்டேன். "பரவாயில்ல..." என்றவர் ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் "மகள்" என்றார். அந்த இடைவெளியை நான் கவனிக்கவில்லை. காய்ச்சல் இல்லை, பிரஷர் சரி, மூச்சு 20 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அரை மணித்தியாலம் கழித்து வந்த சிஸ்டர், அவர் பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினார். 34. அன்றிரவே அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பிழைத்து வீட்டுக்குப் போனார். ஆனாலும் நான் எழுதிய அந்த 20 இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். 25-ஐத் தொட்டாலும், 8-க்கு இறங்கினாலும் உடனே மூத்தவரிடம் சொல்ல வேண்டும். உடம்பில் ஒட்சிசன் குறைந்தாலோ இரத்தத்தில் அமிலம் கூடினாலோ மூளை முதலில் மூச்சைத்தான் விரட்டும். பிரஷர் விழுவது பல வேளை அதற்குப் பிறகுதான். சீனி வருத்தம் முற்றியவர், கிருமி இரத்தத்தில் பரவியவர், சேலைன் கூடுதலாக ஏறி நுரையீரலில் நீர் கோத்தவர் என்று பலருக்கும் முன்கூட்டியே மாறுவது இந்த எண்தான். சத்திரசிகிச்சைக்குப் பிறகு வலி குறைக்க மோர்பின் மருந்து போட்டவருக்கோ மூச்சு மெதுவாகிக்கொண்டே போகலாம். "நல்லா நித்திரை கொள்கிறார்" என்று அவரை விட்டுவிடக் கூடாது.

"ஒட்சிசன் 96 வீதம் இருக்கு மிஸ்" என்பார்கள் பிள்ளைகள். சரி, அந்த 96-ஐப் பிடித்து வைத்திருக்க அவர் நிமிடத்துக்கு எத்தனை தடவை பாடுபடுகிறார்? விரலில் மாட்டும் கருவி அதைச் சொல்லாது. விரல் குளிர்ந்திருந்தால் அது காட்டும் எண்ணையே நம்ப முடியாது.

எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. "மூச்சு எண்ணப் போகிறேன்" என்று சொன்னால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடியை எண்ணி முடித்ததும் கையை எடுக்காமல், அதே பிடியில் இருந்தபடி நெஞ்சைப் பாருங்கள். அபாயா அணிந்த உம்மாவோ சேலையால் இழுத்துப் போர்த்திய அம்மாவோ என்றால் நெஞ்சசைவு தெரியாது. அவருடைய கையை மடக்கி வயிற்றுக்கு மேலே வைத்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால், மூச்சோடு கை ஏறி இறங்கும். அவருக்குக் கூச்சமும் இருக்காது. முழு நிமிடமும் எண்ணுங்கள். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்கினால், தவறவிட்ட ஒரு மூச்சு நாலு மூச்சுப் பிழையாகிவிடும்.

குழந்தையைத் தாயின் மடியிலேயே விட்டு, அழுகை ஓய்ந்த பிறகு சட்டையை உயர்த்திப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இந்த அளவைத் தொட்டால் அது வேகமான மூச்சு. உள்ளிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

2017-இல் டெங்கு திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவைப் படுத்திய பாட்டை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காய்ச்சல் இறங்கியதும் வீட்டார் நிம்மதி அடைவார்கள். நாம் கூடுதலாக விழித்திருக்க வேண்டிய நேரம் அதுதான். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து நெஞ்சறையில் சேர்ந்தால் மூச்சு வேகமாகும். பிரஷர் 100/80 என்று வந்தால் மேல் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். இரண்டுக்கும் இடையில் 20தான் இருக்கிறது, அது உடம்புக்கு இரத்த ஓட்டம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலையின் (ஷொக்) அடையாளம்.

இன்னொன்று, மொழி. திருகோணமலை வார்ட் ஒன்றில் மூன்று சமூகத்தாரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருப்பார்கள். "இளைக்குது", "முட்டுது" என்று நம்மவர் சொல்வது நமக்குப் புரியும். சிங்களத் தாயிடம் "ஹுஸ்ம கன்ன அமாருத?" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். மூச்சு விடக் கஷ்டமா என்பதுதான் அது. பதிலை எத்தனை துண்டாகச் சொல்கிறார் என்பதையும் கேளுங்கள்.

புதிதாக வார்ட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாள் பிரஷர் மீற்றரைக் கொடுக்க மாட்டேன். செக்கன் முள் உள்ள மணிக்கூட்டோடு பத்துக் கட்டில்களுக்கு அனுப்புவேன், மூச்சை மட்டும் எண்ணி வரச் சொல்லி. போன தடவை ஒரு பிள்ளை தாளை நீட்டிக்கொண்டு தயங்கி நின்றாள். "மிஸ், ஒண்டும் ஒரே மாதிரி வரேல்ல. நான் பிழையா எண்ணிட்டனோ?" ஆறாம் கட்டிலுக்கு 28 என்று எழுதியிருந்தாள். இருவரும் போய்த் திரும்ப எண்ணினோம். 28தான். டொக்டரை அவளையே கூப்பிடச் சொன்னேன்.