பழைய பியானோவின் பிறந்த ஊர்

பழைய பியானோ விலைக்கு வந்தால் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது கட்டைகளுக்கு மேலே பொன்னெழுத்தில் மின்னும் பெயரின் மீதுதான். அந்தப் பெயரை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. நொடித்த கம்பெனியின் பெயரை இன்னொருவர் வாங்கி, வேறு நாட்டில் செய்த பியானோவில் பொறிப்பது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். பால்டிமோரில் பிறந்த க்னாபே என்ற பெயர் இப்போது கொரியாவின் சாமிக் கம்பெனி வசம்.

உள்ளே பாருங்கள். நிமிர்ந்த பியானோவின் மேல்மூடியைத் தூக்கினால் பொன்னிறம் பூசிய வார்ப்பிரும்புச் சட்டம் தெரியும். பெரும்பாலும் அதில்தான், தந்திகளை முறுக்கும் சுதி ஆணிகளை ஒட்டி, வரிசை எண் இருக்கும். அதைத் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட்டால் ஆண்டு கிடைத்துவிடும். பல சமயம் எந்த ஆலை என்பதும். எண்ணைச் சுரண்டியிருந்தால் பேரமே வேண்டாம்.

சரி, எங்கே செய்தால் என்ன? ஜப்பானின் ஹமாமட்சுவில் உள்நாட்டு வீடுகளுக்காகச் செய்த யமஹா பியானோக்கள், பழசான பிறகு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயின. அமெரிக்க வறட்சிக்கு இவற்றின் மரம் பதப்படுத்தப்படவில்லை என்று யமஹாவின் அமெரிக்கக் கிளை எச்சரித்தது. பழுது பார்ப்பவர்கள் பலர் அதை ஏற்கவில்லை.

மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் மரத்தில் ஏறத்தாழ 12 சதவீத ஈரம் நிற்கும். 30 சதவீதம் என்றால் 6 தான். ஈரம் ஏறினால் மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, அகலவாக்கில் உப்பும். தந்திகளின் அதிர்வைப் பெருக்கும் மெல்லிய ஒலிப்பலகை மேலெழும்பித் தந்திகளைத் தள்ளும், சுதி கூடும். காய்ந்தால் இறங்கும். இதைச் சுதி சேர்த்துச் சரிசெய்துவிடலாம்.

உண்மையான சேதம், சுதி ஆணிகள் இறங்கியிருக்கும் ஆணிப்பலகையில். வீணைக்குப் பிரடை மாதிரி பியானோவுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட எஃகு ஆணிகள். தந்திகளின் மொத்த இழுவிசை 18 டன்னைத் தொடும். அதைத் தாங்குவது இரும்புச் சட்டம். ஆனால் ஆணி திரும்பிவிடாமல் பிடிப்பது மரத்தின் உராய்வு மட்டும்தான். ஈரத்தில் உப்பும் மரம் எஃகை நெருக்கி, தன் நார்களைத் தானே நசுக்கிக்கொள்ளும். அப்புறம் காயும்போது துளை லேசாகத் தளரும். இப்படியே வருடக்கணக்கில் நடந்தால் ஆணிக்குப் பிடிப்பு போய்விடும்.

அதனால், பிறந்த ஊரைவிட வாழ்ந்த வீடுதான் முக்கியம் என்பது என் கட்சி. ஆண்டு முழுக்க ஒரே புழுக்கத்தில் இருந்த பியானோவைக் காட்டிலும், பகலில் ஏசி, இரவில் கடற்காற்று என்று மாறி மாறி அவதிப்பட்ட சென்னை பியானோவில் ஆணிகளைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பேன். ஜப்பானிலிருந்து வந்தவற்றில் சில சமயம் உள்ளே ஓர் அட்டை இருக்கும். சுதி சேர்த்த தேதிகள் வரிசையாக எழுதியிருக்கும். இடையில் பத்து வருட வெற்றிடம் தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். விற்பவர் பளபளப்பைக் காட்டுவார். நீங்கள் சுதி சேர்ப்பவரை அழைத்துப் போய்ப் பத்து ஆணிகளையாவது சாவி போட்டுத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.