மாடி மேல் மாடி வீட்டுக்கு எந்த மெஷ் ரவுட்டர்?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: கீழே அப்பா அம்மா, முதல் மாடியில் நாங்கள், அதற்கு மேல் பாதிக் கட்டடம் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஃபைபர் பெட்டி கீழே இருப்பதால் மாடியில் வைஃபை சரியாக வருவதில்லை. மெஷ் ரவுட்டர் வாங்கினால் அதுவே ஸ்மார்ட் ஹோம் ஹப்பாகவும், அதாவது ஸ்மார்ட் சாதனங்களை எல்லாம் இணைக்கும் மையப் பெட்டியாகவும் இருக்கும் என்கிறார்களே, கூரைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு சென்சார், கேட்டுக்கு ஒன்று, பத்துப் பதினைந்து பல்ப், எல்லாம் அந்த ஒரே பெட்டியில் ஓடுமா?

ஓடும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இரண்டு தனித்தனி வலைகள் இருக்கின்றன. அட்டையில் பெரிய எழுத்தில் போடுவது முதலாவதைப் பற்றி. உங்கள் தொட்டி சென்சாருக்கு வேண்டியது இரண்டாவது.

முதலாவது வைஃபை மெஷ், பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையாக இயங்குவது. பலருக்கும் தெரிந்ததுதான், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1960-இல் அலிக்ஸ், கரோல் என்று அடுத்தடுத்து வந்த சூறாவளிகளுக்குப் பிறகு மொரீஷியஸ் கான்கிரீட் வீட்டுக்கு மாறியது. புயலைத் தாங்கும் அதே கம்பி கட்டிய தளம் வைஃபையையும் மறிக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4-ஐ விட அதிகத் தரவு சுமக்கும், கான்கிரீட்டுக்குள் போனால் அதைவிடச் சீக்கிரம் தளர்ந்துவிடும். அதனால் மாடிக்கு ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிகள் தங்களுக்குள் பேசவும் உங்கள் போனோடு பேசவும் ஒரே ரேடியோதான் என்றால் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு முறையும் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகும். அதற்கென்று தனி ரேடியோ உள்ள டிரை-பேண்ட் வாங்கலாம். அதைவிட நல்லது ஒரு ஈதர்நெட் கேபிள். மேல் மாடி இன்னும் பூசவில்லை என்கிறீர்கள், இப்போதே சுவருக்குள் குழாய் போட்டுவிடுங்கள். ரவுட்டரை ஈசான மூலையில் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ரேடியோ அலைக்கு வாஸ்து தெரியாது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், தளத்தில் கான்கிரீட் இல்லாத பெரிய ஓட்டை அதுதான். சைக்ளோன் எச்சரிக்கை 3 வந்து அலுமினிய ஷட்டரை இறக்கியதும் வெளிக் கேமரா காணாமல் போகிறதே, அதற்கும் இதே கதைதான், உலோகத்தகடு அலையைத் திருப்பி அனுப்பிவிடும்.

இரண்டாவது வலைக்கு வருவோம். கடையில் ஜிக்பீ என்றோ த்ரெட் என்றோ போட்டிருக்கும், இரண்டுக்கும் அடியில் இருப்பது 802.15.4 என்ற ஒரே ரேடியோ தரநிலை. வினாடிக்கு 250 கிலோபிட், ஒரு தரவுப் பொட்டலத்துக்கு 127 பைட், அவ்வளவுதான். கேமராப் படத்தை இதில் அனுப்ப நினைக்கவே வேண்டாம். ‘தொட்டி காலி’ என்று சொல்ல இதுவே தாராளம்.

தொட்டி சென்சாருக்குள் ஒரு சிஆர்2032 காசு பேட்டரி இருப்பதாக வைத்துக்கொள்வோம், சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. ரேடியோ காது கொடுத்துக்கொண்டே இருந்தால் 6 மில்லிஆம்பியர் இழுக்கும் என்றால், 220-ஐ 6-ஆல் வகுங்கள், 37 மணி நேரத்தில் பேட்டரி காலி. ஒன்றரை நாளுக்கு ஒருமுறை யார் கூரைக்கு ஏறுவது? சராசரி இழுவை 5 மைக்ரோஆம்பியராக இறங்கினால் அதே பேட்டரி கணக்குப்படி 44,000 மணி நேரம், அதாவது ஐந்து வருடம். ஆகவே சென்சார் ரேடியோவையே அணைத்துவிட்டுத் தூங்குகிறது. அப்போது அதற்கு ஒரு செய்தி வந்தால்?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை நடக்கிறது. தூங்கும் சாதனம் ஒவ்வொன்றுக்கும் கரண்டில் ஓடும் ஒரு பல்போ பிளக்கோ பெற்றோராக இருக்கும். நாம் ஊரில் இல்லாதபோது பக்கத்து வீட்டு அக்கா கடிதத்தை வாங்கி வைப்பாரே, அப்படி அந்த பல்ப் சென்சாருக்கு வரும் செய்திகளை வாங்கி வைத்துக்கொள்ளும். சென்சார் அவ்வப்போது கண் விழித்து ‘எனக்கு ஏதாவது வந்ததா?’ என்று மிகச் சின்னப் பொட்டலம் ஒன்றை அனுப்பும். ‘கேட்டேன்’ என்று பல்ப் அனுப்பும் ஒப்புகையிலேயே ஒரே ஒரு பிட் பதிலாக இருக்கிறது: 1 என்றால் செய்தி இருக்கிறது, கொஞ்சம் விழித்திரு; 0 என்றால் ஒன்றுமில்லை, தூங்கு. சில மில்லிவினாடியில் எல்லாம் முடிந்து ரேடியோ மறுபடி அணைந்துவிடும்.

சரி, ராத்திரி அம்மா வழக்கம்போல சுவர் ஸ்விட்சைத் தட்டி அந்த பல்பை அணைத்துவிட்டார். சென்சார் விழித்துக் கேட்கிறது, ஒப்புகை வரவில்லை. இன்னும் சில தடவை கேட்டுப் பார்க்கும், பிறகு சுற்றிலும் எல்லோரையும் நோக்கி ‘யாராவது என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா?’ என்று கேட்கும். கேட்டவை பதில் அனுப்பும், சிக்னலின் தரம் உட்படச் சிலவற்றைப் பார்த்து அது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். த்ரெட்டில் இன்னும் ஒரு படி மேல்: பக்கத்தில் செய்தி கடத்தும் சாதனம் எதுவுமே இல்லையென்றால், அதுவரை சும்மா உறுப்பினராக இருந்த ஒரு பிளக் முன்வந்து, வலையின் தலைமைச் சாதனத்திடம் எண் வாங்கி, தானே ரவுட்டராகிவிடும். ஒரு வலையில் இப்படி ஒரே நேரத்தில் 32 ரவுட்டர் வரை இருக்கலாம். தலைமைச் சாதனமே போய்விட்டால் மிச்சம் இருப்பவற்றில் ஒன்று அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. அதற்காக எல்லா பல்பையும் சுவரில் அணைத்தால் எந்தத் தரநிலையும் காப்பாற்றாது, மாடிக்கு ஒரு ஸ்மார்ட் பிளக்காவது யாரும் தொடாத இடத்தில் இருக்கட்டும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் மட்டும் வேண்டாம்.

இத்தனை சாதனங்கள் ஒரே அலைவரிசையில் கத்தாமல் மாறி மாறிப் பேசும் வித்தைக்கு மூதாதை ஹவாய் பல்கலைக்கழகத்தின் அலோஹாநெட், 1971. தீவுக்குத் தீவு கம்பி இழுக்க முடியாததால் ரேடியோவில் கணினிகளை இணைத்தார்கள், பணம் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்ப்பா கொடுத்தது. நாமும் தீவில்தான் இருக்கிறோம். ரெடுயியில் இருக்கும் நம் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்துக்கு இப்படி உடனடிப் பலன் கேட்காத பணம் கொஞ்சம் போனால் என்ன என்று எனக்குத் தோன்றும், அதை இன்னொரு நாள் பேசலாம்.

இனி வாங்குவது. அட்டையில் ‘மேட்டர் ஆதரவு’ என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மேட்டர் என்பது ஸ்மார்ட் சாதனங்கள் பேச 2022-இல் வந்த பொதுமொழி, ரேடியோ அல்ல. ‘த்ரெட் பார்டர் ரவுட்டர்’ (த்ரெட் வலையை வீட்டு வலையோடு இணைப்பது) என்று இருக்கிறதா, ஏற்கெனவே ஜிக்பீ பல்ப் வைத்திருந்தால் ஜிக்பீயும் இருக்கிறதா என்று பாருங்கள். கூகுளின் நெஸ்ட் வைஃபை புரோவில் த்ரெட் உண்டு, ஜிக்பீ இல்லை. அமேசானின் ஈரோ மேக்ஸ் 7-இல் இரண்டும் உண்டு. ஜீ-வேவ் என்ற இன்னொரு வகை ரேடியோ உள்ள சாதனத்தை வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தால் கவனம், அமெரிக்காவில் அது 908 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 868, ஒன்றோடொன்று பேசாது.

அடுத்து, இணையம் போனாலும் வீடு வேலை செய்யுமா என்று கேளுங்கள். சேஃப், மெட்டிஸ் போன்ற கடலடிக் கேபிள்களை நம்பி வாழும் நாட்டில், தொட்டி நிரம்பியதைச் சொல்ல எங்கோ ஒரு கண்டத்து சர்வர் வரை போய் வருவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஏற்பாடு. 2016-இல் ரிவால்வ், 2022-இல் இன்ஸ்டியான் என்று கம்பெனிகள் சர்வரை நிறுத்தியதும் ஹப்புகளை ஆப்பில் இயக்க முடியாமல் போயிற்று. மேட்டர் சாதனங்கள் வீட்டுக்குள்ளேயே கட்டளை வாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை, ஆனால் அதை நடத்தும் ஆப்போ ஹப்போ இணையம் கேட்கலாம். வாங்கிய வாரமே ஃபைபர் வயரைப் பிடுங்கிவிட்டு பல்ப் எரிகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. வைஃபையின் 2.4-உம் இந்த ஜிக்பீ, த்ரெட் ரேடியோவும் ஒரே அலைவரிசைப் பகுதியில்தான் பேசுகின்றன. வைஃபையை 1-ஆம் சேனலிலோ 6-இலோ வைத்தால் மேலே 25-ஆம் ஜிக்பீ சேனல் பக்கம் அமைதியாக இருக்கும். சில மெஷ் பெட்டிகள் சேனலைத் தொடவே விடாது. அப்படிப்பட்டதை வாங்கினால், பெட்டிக்கு ஒட்டினாற்போல் சென்சாரை வைக்காமல் ஓரிரு மீட்டர் தள்ளி வையுங்கள்.