கண்ணில் அடிபட்டால் நரம்பு வளர ஊசி உண்டா?

புளி உலுக்கும் காலம் வந்துவிட்டால் கிருஷ்ணகிரிப் பக்கம் கண் மருத்துவர்களான எங்களுக்கு ஒரே மாதிரியான காயங்கள்தான். தொரட்டி நழுவி அடித்தது, கிளை விசிறியது. கோடை விடுமுறையில் கிரிக்கெட் பந்தும் சேர்ந்துகொள்ளும். கண் கிழிந்திருக்காது, கொஞ்சம் சிவந்திருக்கும், அவ்வளவுதான். அதனாலேயே பலர் நாலைந்து நாள் கழித்து, பார்வை மங்கிய பிறகு வருகிறார்கள். வந்ததும், “நரம்பு வளர ஊசி இருக்காமே சார்?” என்று கேட்கிறார்கள்.

அடியின் அதிர்ச்சி கண்ணுக்குள் பாய்ந்து, பின்புறம் இருக்கும் நரம்புப் படலமான விழித்திரையைத் தாக்கும். ஒளியை உணரும் செல்களின் நுனி சிதைந்து அந்த இடம் வெளுத்துத் தெரியும். ஜெர்மன் மருத்துவர் பெர்லின் 1873லேயே இதை விவரித்திருக்கிறார். நுனி மட்டும் கெட்டிருந்தால் அது திரும்ப வளரும். பலருக்குச் சில வாரங்களில் பார்வை தெளிந்துவிடும். செல்லே செத்துப்போனால்? வரிக்குதிரை மீனுக்கு, விழித்திரையில் துணைக்கு இருக்கும் முல்லர் செல்கள் பிரிந்து புது விழித்திரைச் செல்களைத் தருகின்றன. நம் முல்லர் செல்கள், செல்கள் வளரவும் பிழைக்கவும் உதவும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, பக்கத்தில் பிழைத்திருக்கும் செல்களைத் தாங்கிப் பிடிப்பதோடு சரி.

வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்கு ரீட்டா லெவி மோன்டால்சினியும் ஸ்டான்லி கோஹெனும் 1986ல் நோபல் பரிசு பெற்றார்கள். நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கொண்ட சொட்டு மருந்துக்கு அமெரிக்கா 2018ல் ஒப்புதல் தந்தது. அது உணர்விழந்து புண்ணான கருவிழிக்கு. 2025ல் ஒப்புதல் பெற்ற, வளர்ச்சிக் காரணி சுரக்கும், கண்ணுக்குள் பொருத்தும் உள்வைப்பு, மாக்டெல் என்ற விழித்திரை நோய்க்கு. அடிபட்ட விழித்திரைக்கென்று ஒப்புதல் பெற்ற வளர்ச்சிக் காரணி மருந்து இன்று எதுவும் இல்லை. யாராவது ஊசி போட்டால் நரம்பு வளரும் என்று பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி மிகுந்தால் கசியும் ரத்தக் குழாய்கள் முளைத்துப் பார்வையையே கெடுக்கும். சர்க்கரை நோயாளிகள் பலருக்கு நாங்கள் ஊசி போடுவது அதை அடக்கத்தான்.

இப்போதைக்குக் காப்பாற்றக்கூடியது, இன்னும் சாகாத செல்களைத்தான். அதனால் அன்றே வந்துவிடுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கண் பிரிவு இருக்கிறது. கசக்க வேண்டாம், தாய்ப்பால், விளக்கெண்ணெய் ஊற்ற வேண்டாம், மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தும் வேண்டாம். கண் பாப்பாவை விரித்து ஓரம் வரை பார்த்தால்தான் விழித்திரைக் கிழிசல் தெரியும். கிழிசலை ஆரம்பத்திலேயே கண்டால் பெரும்பாலும் லேசரிலேயே அடைத்துவிடலாம்.

அப்புறம், பார்வை நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அடிபட்டதில், கண்ணுக்குள் ஊறும் நீர் (கண்ணீர் அல்ல) வடியும் உள்மூலை சேதமாகியிருந்தால், பல வருடம் கழித்தும் கண் அழுத்தம் ஏறலாம், அதில் வலியே இருக்காது. வருடத்துக்கு ஒருமுறை அழுத்தம் பாருங்கள். மின்னல் வெட்டுவது போலவோ, புதிதாகக் கரும்புள்ளிகள் மிதப்பது போலவோ, ஒரு பக்கம் திரை இறங்குவது போலவோ தெரிந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பி வாருங்கள்.