பழவேற்காடு ஏரியில் கொடுவா மீன் ஏன் குறைவு, மடவை மீன் ஏன் அதிகம்?

“மேடம், இந்தப் பூநாரைங்க வந்து நம்ம மீனையெல்லாம் தின்னுட்டுப் போயிடுது.” ஆரம்பாக்கம் பக்கத்து மீனவர் கூட்டங்களில் தை மாதமானால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. மீன்வளப் பணியில் இருக்கும் நான் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து பதில் சொல்கிறேன். இது வலையையும் வயிற்றையும் தொடும் விஷயம்.

பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுத் தண்ணீரை வடிகட்டி, பாசியையும் பொடி உயிர்களையும்தான் பெரும்பாலும் தின்கிறது. கூழைக்கடாப் பறவை மீன் தின்னும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் எச்சம் தண்ணீரில் விழுந்து பாசிக்கு உரமாகிறது. சத்து இப்படிச் சுற்றி வரும். ஆற்றல் அப்படி இல்லை. வெயிலில் இருந்து பாசி பிடித்துவைத்ததை ஒருமுறை செலவழித்தால் செலவழித்ததுதான்.

ஒரு மீன் தின்பதில் ஒரு பகுதி செரிக்காமல் கழிகிறது. மீதியில் பெரும்பங்கு நீந்தவும் மூச்சுவிடவும் போய் வெப்பமாகக் கரைகிறது. தசையாகச் சேர்வது தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கின் அடிப்படையை மின்னசோட்டாவின் ஒரு சிறிய ஏரியை ஆராய்ந்து எழுதியவர் ரேமண்ட் லிண்டமன். 1942இல் அந்தக் கட்டுரை அச்சில் வரும் முன்பே, 26 வயதில் இறந்துவிட்டார்.

நம் ஏரிக்கு வருவோம். 10,000 கிலோ பாசியும் மக்கிய கழிவும் இருந்தால், அதை நேராகத் தின்னும் மடவை சுமார் 1,000 கிலோ வளரும். அந்த மடவையைத் தின்னும் கொடுவா 100 கிலோதான். நடுவில் இறாலும் சின்ன மீனும் இன்னொரு படியாக வந்தால் கொடுவா 10 கிலோவுக்கு இறங்கிவிடும். கொடுவா விலை ஏறுவதற்கு ஏரிக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது.

எனக்குக் கவலை தருவது கொசுவலை மாதிரி பொடிக்கண் வலைதான். இறால் கடலில் முட்டையிடும்; குஞ்சுகள் கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, இங்குள்ள சேற்றில் தின்று வளர்கின்றன. அந்தக் குஞ்சுகளைப் பொடிக்கண் வலையால் அள்ளி விற்கும்போது, பாசி சேர்த்துக்கொடுத்த ஆற்றலை முதல் படியிலேயே எடுத்துவிடுகிறோம். அடுத்த படி வளர எதுவும் மிஞ்சாது.

முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபட்டாலும் இதே கதைதான். குஞ்சு உள்ளே வராது, கோடையில் தண்ணீர் வற்றி உப்பு ஏறும். சேற்றுத் திடலை வெறும் நிலமாக நினைத்துக் குப்பை கொட்டுவது இன்னும் மோசம். மடவையும் இறாலும் மேய்கிற இடம் அது.

அதனால் அண்ணன்மாரே, அக்காமாரே, வலையின் கண்ணை அகலமாக வையுங்கள். குஞ்சு மாட்டினால் உயிரோடு தண்ணீரில் விடுங்கள். பூநாரை நிற்கிற இடத்தையும் கவனியுங்கள். அங்கே பாசியும் பொடி உயிரும் நிறைய இருக்கும்.