சோதித்த எஞ்சின் பறக்காது, பறந்த எஞ்சினைச் சோதிக்கவில்லை

சோவியத் வீரர்கள் முதலில் நிலவில் இறங்கிவிடுவதாகக் கற்பனை செய்யும் அமெரிக்கத் தொடர் ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “அதில் எஞ்சினியர்கள் எல்லோரும் மனசாட்சியோடு மல்லுக்கட்டுகிறார்கள். நிஜத்திலும் அப்படித்தானா? சோவியத் ஜெயித்திருக்க முடியுமா?”

நிஜக் கதையில் சமரசம் நடந்த இடம் ஒரு வால்வு. அங்கே போக எஞ்சினிலிருந்து தொடங்க வேண்டும்.

நியூட்டனின் மூன்றாம் விதி எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுவோம். பெரிய ராக்கெட்டில் தலைவலி பிடித்த வேலை எரிபொருளை ஊட்டுவதுதான். எரியறைக்குள் இருக்கும் அழுத்தத்தை மீறி மண்ணெண்ணெயையும் திரவ ஆக்சிஜனையும் உள்ளே தள்ள பம்ப் வேண்டும். பம்ப்பைச் சுற்ற டர்பைன் வேண்டும். டர்பைனைச் சுற்ற சூடான வாயு வேண்டும். அமெரிக்கர்களை நிலவுக்கு ஏற்றிப்போன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சின் இதற்கென்று கொஞ்சம் எரிபொருளைத் தனியாக எரித்தது. டர்பைனைச் சுற்றிய வாயுவை வெளிக்குழாயின் உட்சுவரை ஒட்டி வெளியே விட்டுவிட்டது. அப்பல்லோ கிளம்பும் படங்களை நிறுத்திப் பாருங்கள். எஞ்சின் வாய்க்குக் கீழே பிரகாசமான நெருப்பு தொடங்குவதற்கு முன் கறுப்பாக ஒரு பட்டை தெரியும். அதுதான் இந்தக் கரிவாயு.

சோவியத் நிலவு ராக்கெட்டின் எஞ்சினில் அந்தக் கறுப்புப் பட்டை கிடையாது. அவர்கள் ஆக்சிஜன் முழுவதையும் முதலில் ஒரு சின்ன முன் எரியறைக்குள் அனுப்பி, அதில் மண்ணெண்ணெயைத் துளியளவு மட்டும் சேர்த்து எரித்தார்கள். பெரும்பகுதி ஆக்சிஜன் எரியாமலே சூடான வாயுவாகிவிடும். அது டர்பைனைச் சுற்றிவிட்டு அப்படியே பிரதான எரியறைக்குப் போய், மீதி மண்ணெண்ணெயோடு சேர்ந்து எரியும். சொட்டுகூட வீணில்லை. எரியறை அழுத்தமும் எஃப்-1-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஏன் தலைகீழாக, மண்ணெண்ணெயை அதிகமாகவும் ஆக்சிஜனைக் குறைவாகவும் வைக்கவில்லை? வைத்தால் கரி பிடிக்கும், நுண்ணிய துளைகள் அடைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் மிகுந்த வாயுவில் கரி இல்லை, ஆனால் அது எஃகையே எரித்துவிடும். பள்ளி ஆய்வகத்தில் ஆக்சிஜன் ஜாடிக்குள் இரும்புக் கம்பி பொறி பறக்க எரிவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்த ஜாடிக்குள் ஒரு டர்பைன் அசுர வேகத்தில் சுற்றுகிறது, அழுத்தமோ நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேலே! தகுந்த உலோகக் கலவைகளையும் பூச்சுகளையும் கண்டுபிடித்து அதை ஓடவைத்துவிட்டார்கள். அமெரிக்கர்கள் இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று வெகுகாலம் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். எனக்கு மனித மூளையின் மேல் மரியாதை குறையும்போதெல்லாம் இந்த எஞ்சினை நினைத்துக்கொள்வேன்.

சரி, சமரசத்துக்கு வருவோம். நிலவுக்கான என்-1 ராக்கெட்டின் தலைமை வடிவமைப்பாளர் செர்கெய் கொரோலியோவ். நாட்டின் முன்னணி எஞ்சின் நிபுணர் வாலன்டின் குளூஷ்கோ. ஸ்டாலின் காலத்தில், 1938-இல், இருவருமே கைதானவர்கள். தன்னைக் காட்டிக்கொடுத்தவர்களில் குளூஷ்கோவும் ஒருவர் என்ற கசப்பு கொரோலியோவுக்கு இருந்தது. குளூஷ்கோ ஒன்றோடொன்று கலந்ததும் தானாகப் பற்றிக்கொள்ளும் நச்சு எரிபொருள்தான் வேண்டும் என்றார். மனிதர்கள் ஏறும் ராக்கெட்டில் அந்த விஷம் கூடாது என்றார் கொரோலியோவ். 1960 அக்டோபர் 24 அன்று அதே வகை எரிபொருள் நிரப்பிய ஆர்-16 ஏவுகணை பைக்கனூர் ஏவுதளத்தில் வெடித்து, ஏவுகணைப் படைத் தலைவர் மார்ஷல் நெதெலின் உட்படப் பல பேர் கருகிப்போனது நினைவிருக்கலாம். அந்தத் தேதியில் அங்கே இன்றும் ராக்கெட் ஏவுவதில்லை. ராகுகாலத்தைக் கிண்டல் செய்கிற எனக்கே அதை மூடநம்பிக்கை என்று சொல்ல வாய் வரவில்லை.

குளூஷ்கோ ஒதுங்கிக்கொள்ள, விமான எஞ்சின் செய்துகொண்டிருந்த நிக்கொலாய் குஸ்னெத்சோவிடம் வேலை போனது. அவரிடம் பெரிய எஞ்சின் செய்ய வசதியில்லை. அதனால் முதல் கட்டத்துக்குச் சின்னச் சின்னதாக 30 எஞ்சின்கள். அவற்றின் முக்கிய வால்வுகளை வெடிமருந்துதான் திறக்கும், ஒரே ஒரு முறை. தீக்குச்சி நல்லதா என்று உரசிப் பார்த்தால் அப்புறம் குச்சி ஏது? ஆகவே ஆறு எஞ்சின்களில் இரண்டை எரித்துப் பார்த்து, அவை தேறினால் மீதி நான்கையும் ராக்கெட்டில் மாட்டினார்கள்.

முப்பதையும் சேர்த்துத் தரையில் எரித்துப் பார்க்க மேடையும் கட்டவில்லை. காசும் இல்லை, நேரமும் இல்லை. கென்னடி 1961-இல் அறிவித்துவிட்டார், சோவியத் தலைமை நிலவுப் பயணத்துக்கு ஒப்புதல் தந்ததே 1964 ஆகஸ்டில்தான். மேடை இல்லாமல் ஏவக்கூடாது என்று சோதனைப் பொறுப்பாளர் லியோனித் வஸ்க்ரெசென்ஸ்கி பிடிவாதமாக நின்றார். கொரோலியோவ் இசையவில்லை. நெடுநாள் சகா விலகிப் போனார், 1965-இல் இறந்தும் போனார். 1966 ஜனவரியில் கொரோலியோவ் அறுவை சிகிச்சை மேசையிலேயே உயிரைவிட்டார். நச்சு எரிபொருள் விஷயத்தில் வளையாத மனிதர் மேடை விஷயத்தில் வளைந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. சோதனை மேடை பறக்காது, படத்திலும் அழகாக இருக்காது. எந்த நாட்டிலும் நிதி ஒதுக்குகிறவர் முதலில் அதன் மேல்தான் கைவைக்கிறார்.

1969 ஜூலை 3, என்-1 இரண்டாம் முறை கிளம்பியது. எட்டாம் எண் எஞ்சினின் ஆக்சிஜன் பம்ப் வெடித்தது. உலோகத் துணுக்கு உள்ளே போயிருக்கலாம் என்பது விசாரணைக் குழுவின் கணிப்பு. கட்டுப்பாட்டுக் கருவி 29 எஞ்சின்களை அணைக்க, ராக்கெட் ஏவுதளத்தின் மேலேயே விழுந்தது. அப்பல்லோ 11 கிளம்ப அப்போது 13 நாள் பாக்கி. ஏவிய நான்கு என்-1-களும் தோற்றன. வாசகருக்கு என் பதில்: 1969-க்குள் வாய்ப்பே இல்லை. மேடை இருந்திருந்தால் சில ஆண்டு பிந்தியாவது போயிருப்பார்கள்.

குஸ்னெத்சோவ் பிறகு வால்வை மாற்றி, திரும்பத் திரும்ப எரிக்கக்கூடிய என்கே-33-ஐச் செய்தார். 1974-இல் கொரோலியோவின் பழைய நிறுவனத்துக்குத் தலைமையேற்ற குளூஷ்கோ என்-1 திட்டத்தையே நிறுத்தினார். எஞ்சின்களை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது; குஸ்னெத்சோவ் கிடங்கில் பூட்டிவைத்தார். தொண்ணூறுகளில் அமெரிக்கர்கள் அவற்றை வாங்கிப் போய் அன்டாரஸ் ராக்கெட்டில் பொருத்தினார்கள். 2014 அக்டோபரில் ஒன்று கிளம்பிய சில நொடிகளில் வெடித்தது, மறுபடியும் ஆக்சிஜன் பம்ப். வேடிக்கை என்னவென்றால், குளூஷ்கோவே பிற்காலத்தில் மண்ணெண்ணெயும் ஆக்சிஜனும் கொண்டு, இதே முறையில் ஆர்டி-170 என்ற பிரமாண்ட எஞ்சினைச் செய்தார்.

இப்போது இஸ்ரோ தன் 200 டன் உந்துவிசை எஞ்சினை இதே முறையில் மகேந்திரகிரியில் சோதித்துவருகிறது. 2023 ஜூலையில் 4.5 நொடி ஓட வேண்டிய சோதனையை, டர்பைன் வேகம் குறைந்ததால் 1.9-ஆவது நொடியிலேயே நிறுத்தினார்கள். 2025 மார்ச்சில் 2.5 நொடி ஒழுங்காக ஓடியது.